ஊழியம் என்ற ஒரு சொல்: வேலையைக் கிறிஸ்தவம் எப்படிப் பார்க்கிறது?

இலங்கையில் தனியார் துறையில் வேலை செய்த எவருக்கும் ஊழியர் சேமலாப நிதியைத் தெரிந்திருக்கும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்த நிதியின் பெயரில் வரும் 'ஊழியர்' சம்பளத்துக்கு வேலை செய்பவர். அதே சொல்லைத் தேவாலயத்தில் கேட்டால் பொருள் வேறு. அங்கே ஊழியம் என்றால் கடவுளின் பணி, ஊழியக்காரர் என்றால் போதகர். இன்னும் பின்னோக்கி, ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்துக்கு (1658-1795) போனால், ஊழியம் என்பது ஆட்சியாளருக்குக் கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டிய கட்டாய வேலையின் பெயர்.

சம்பள வேலை, கடவுள் பணி, கட்டாய உழைப்பு. மூன்றுக்கும் ஒரே சொல். வேலையைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்லும் எல்லாமே இந்த மூன்று பொருள்களுக்கும் நடுவில்தான் நடக்கிறது. எம்முள் சைவர்களே பெரும்பான்மை. எனவே இது பிரசங்கம் அல்ல. அயல் வீட்டார் தம் வேலையை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று அறிய விரும்புவோருக்கும், ஞாயிறு தவறாமல் ஆலயம் போயும் திங்கட்கிழமை வேலைக்கு அர்த்தம் தேடும் எம் போன்றவர்களுக்கும் உரிய ஒரு அறிமுகம்.

எகிப்தின் செங்கல்

பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியிலும் இதேபோல ஒரு சொல் இருக்கிறது: 'அவோதா'. வயலில் செய்யும் வேலைக்கும் அதுதான் சொல். ஆலயத்தில் செய்யும் வழிபாட்டுக்கும் அதுதான். யாத்திராகமத்தின் முதலாம் அதிகாரத்தில், எகிப்தில் இஸ்ரவேலர் பட்ட அடிமை வேலைக்கும் அதே சொல்தான் வருகிறது. மோசே பார்வோனிடம் போய் மக்களை விடுவிக்கக் கேட்கும்போது, அவர்கள் கடவுளுக்கு ஊழியம் செய்யும்படி விடு என்றே கேட்கிறார். அங்கேயும் அந்த வேர்ச்சொல்தான்.

ஆகவே யாத்திராகமத்தின் கதை, வேலையிலிருந்து வேலையில்லாமைக்குப் போன கதை அல்ல. ஒரு வகை ஊழியத்திலிருந்து இன்னொரு வகை ஊழியத்துக்குப் போன கதை. முதலாவதில் நாளுக்கு இத்தனை செங்கல் என்ற கணக்கு இருந்தது. ஓய்வு கேட்டபோது வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அதே எண்ணிக்கையைக் கேட்டார்கள். முடியாது என்றவர்களுக்குச் சோம்பேறிகள் என்று பெயர். களஞ்சியத்திலோ தொழிற்சாலையிலோ நின்ற எம்மவருக்கு இந்த மேற்பார்வையாளரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இரண்டாவது ஊழியத்துக்கு எடுத்துக்காட்டாக அதே நூலின் 31ஆம் அதிகாரத்தில் ஒரு கைவினைஞர் வருகிறார். பெயர் பெசலெயேல். பொன், வெள்ளி, வெண்கலம், மரம், கல் எல்லாவற்றிலும் வேலை தெரிந்தவர். அந்தத் திறமைக்காகவே கடவுள் தமது ஆவியால் அவரை நிரப்பினார் என்று நூல் சொல்கிறது. அவர் குருவோ தீர்க்கதரிசியோ அல்ல. கைவேலைக்காரர்.

வேலை சாபமா?

ஆதாம் ஏவாள் கதையை அரைகுறையாகக் கேட்டவர்கள், பாவத்துக்குத் தண்டனையாகத்தான் வேலை வந்தது என்று நினைப்பதுண்டு. நூலின் வரிசை அப்படியல்ல. ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்திலேயே, பாவம் வருவதற்கு முன்னரே, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் அதில் வைக்கப்படுகிறான். 3ஆம் அதிகாரத்தில் வருவது வேலை அல்ல, வேலையோடு ஒட்டிக்கொண்ட வேர்வையும் முள்ளும் பலனின்மையும். வேலை படைப்பின் பகுதி, வேலையின் வேதனை பின்னால் வந்த கெடுதி என்பதே கிறிஸ்தவ வாசிப்பு.

அக்காலத்து அயல் நாட்டுக் கதைகளோடு ஒப்பிட்டால் இதன் வித்தியாசம் தெரியும். பாபிலோனிய 'அத்ராகசிஸ்' காவியத்தில் வேலை செய்து களைத்த சிறு தெய்வங்கள் கலகம் செய்கின்றன. அவற்றின் சுமையைத் தூக்கவே மனிதர்கள் படைக்கப்படுகிறார்கள். ஆதியாகமத்திலோ கடவுள்தான் முதல் வேலைக்காரர். ஆறு நாள் வேலை செய்கிறார், ஏழாம் நாள் ஓய்கிறார். அவர் செய்த வேலைக்கு எபிரேயத்தில் வழங்கும் சொல்லே மனிதர் ஆறு நாள் செய்யும் சாதாரண வேலைக்கும் வழங்குகிறது.

கிரேக்க, உரோம உயர்குடியினர் கைவேலையைத் தாழ்வாகப் பார்த்தார்கள். கூலிக்கு உழைப்பது சுதந்திர மனிதனுக்கு அழகல்ல என்று சிசரோ எழுதினார். அந்த உலகத்தில்தான் மாற்கு நற்செய்தி இயேசுவைத் தச்சன் என்று அழைக்கிறது. கிரேக்கத்தில் 'தெக்தோன்': மரத்திலும் கட்டட வேலையிலும் ஈடுபட்ட கைவினைஞர். அவர் வெளிப்பணியைத் தொடங்கியபோது ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா சொல்கிறார். பிரசங்கித்த காலத்தை விட உளி பிடித்த காலம் அதிகம் என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

நாடு கடந்தவர்களின் வேலை

வேலை பற்றிய வேதாகமப் பகுதிகளில் எமக்கு மிக நெருக்கமானவை இரண்டு. இரண்டும் ஊரை இழந்தவர்களைப் பற்றியவை.

முதலாவது, எரேமியா நூலின் 29ஆம் அதிகாரம். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து ஒரு பகுதி மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டனர். சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கை அவர்களிடம் இருந்தது. அனனியா என்பவர் எருசலேமில் நின்று இரண்டே ஆண்டு என்று அறிவித்தார். எரேமியாவோ நாடு கடத்தப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதினார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கும் நகரத்தின் நலனுக்காக உழையுங்கள், மன்றாடுங்கள், அந்த நகரம் நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள். இதுவே கடிதத்தின் சாரம். எழுபது ஆண்டு என்றும் சொன்னார். கேட்டவர்களுக்கு அது இனித்திருக்காது. ஆனாலும் அந்நிய நகரத்தில் கத்தரி நடுவதும் கதவு பொருத்துவதும் ஊரை மறந்த துரோகம் ஆகாது என்பதை அந்தக் கடிதம் நிலைநாட்டியது. சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழே தயாராக வைத்தபடி பத்து, இருபது வருடம் கழித்தவர்கள் எம்மிடையே உண்டு. அவர்களுக்கு அந்தக் கடிதம் விளங்கும்.

இரண்டாவது, அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம். உரோமப் பேரரசன் கிளவுதியு யூதர்களை உரோமிலிருந்து வெளியேறக் கட்டளையிட்டான். அது கி.பி. 49 அளவில் என்று பொதுவாகக் கணிக்கிறார்கள். அப்படி வெளியேறிய ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற கணவனும் மனைவியும் கொரிந்து நகரத்துக்கு வந்து கூடாரம் செய்யும் தொழிலைத் தொடங்கினர். பவுலும் அதே தொழில் தெரிந்தவர். அவர்களோடு தங்கி வேலை செய்தார். கிறிஸ்தவ வரலாற்றின் மிகப் பெரிய இறையியலாளர், அகதிக் குடும்பம் ஒன்றின் பட்டறையில் கூடாரம் செய்து பிழைத்தார். சபையிடம் பணம் பெற உரிமை இருந்தும், கொரிந்தில் அதைப் பயன்படுத்தவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். சொந்தத் தொழிலில் பிழைத்துக்கொண்டு திருப்பணி செய்பவர்களை இன்றும் 'கூடாரத் தொழிலாளர்' என்று அழைப்பது இதிலிருந்து வந்த வழக்கம்.

குசினியும் மடமும்

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் எழுதிய மட ஒழுங்குமுறை, துறவிகளின் நாளைச் செபம், வாசிப்பு, கைவேலை என்று பிரித்தது. சோம்பல் ஆன்மாவுக்குப் பகை என்பது அதன் கருத்து. அதன் 31ஆம் அதிகாரம் மடத்தின் களஞ்சியப் பொறுப்பாளரைப் பற்றியது. சட்டி பானை, மண்வெட்டி எல்லாவற்றையும் பலிபீடத்தின் புனிதப் பாத்திரங்களைப் போலவே அவர் பார்க்க வேண்டும் என்கிறது. பொருட்கணக்கு வைத்திருப்போருக்கு இதைவிட உயர்ந்த மரியாதை வேறெங்கும் கிடைத்ததாக எமக்குத் தெரியவில்லை.

ஆயிரம் ஆண்டு கழித்து, பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். இயற்பெயர் நிக்கொலா எர்மன். முப்பதாண்டுப் போரில் படைவீரனாக இருந்து காயப்பட்டவர், நடையில் ஊனம். 1640இல் மடத்தில் சேர்ந்தார். கொடுத்த வேலை குசினி. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. ஆனாலும் பல ஆண்டுகள் அதையே செய்தார். பின்னர் செருப்புத் தைக்கும் வேலைக்கு மாறினார். 1691இல் இறந்தார். அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் இறப்பின் பின் நூலாகி, இன்றும் பல மொழிகளில் வாசிக்கப்படுகின்றன. அவர் கண்டது எளிமையானது: செப நேரத்தில் கடவுளோடு இருப்பதும், நாலு பேர் ஒரே நேரத்தில் சாப்பாடு கேட்டுக் கத்தும் குசினியில் கடவுளோடு இருப்பதும் ஒன்றாகலாம்.

அதே பாரிஸில்தான் 1980களிலிருந்து எம்மவர் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவினார்கள். லாரன்சின் பேரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். போரிலிருந்து வந்தவர், பிடிக்காத குசினி, பல ஆண்டுகள் என்ற மூன்றும் மட்டும் பொருந்துகின்றன.

அழைப்பு என்ற தொழில்

மடத்துக்கு வெளியே இருந்த சாதாரண வேலைக்கு அந்த மதிப்பைக் கொடுத்தவர் மார்ட்டின் லூதர். குரு, துறவி ஆகியோருக்கு மட்டுமே கடவுளின் அழைப்பு உண்டு என்ற எண்ணத்தை அவர் 1520களில் எதிர்த்தார். செருப்புத் தைப்பவரும் வீட்டு வேலைக்காரியும் தத்தம் இடத்தில் அயலவருக்குப் பயன்படும் வேலையைச் செய்தால், அதுவே அவர்களின் அழைப்பு என்றார். ஜேர்மன் மொழியில் தொழிலுக்கு இன்று வழங்கும் 'பெரூஃப்' என்ற சொல் 'அழைத்தல்' என்ற வேரிலிருந்து வருகிறது. வேலை வாய்ப்பு அலுவலகப் படிவத்தில் அந்தச் சொல்லுக்கு நேரே எதை எழுதுவது என்று தயங்கியவர்களுக்கு இந்தச் சங்கதி அப்போது தெரிந்திருக்காது.

இந்தச் சிந்தனையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அழைப்பு என்ற எண்ணம், ஓயாமல் உழைப்பதையும் சேர்ப்பதையுமே பக்தியாக்கியது என்பதை ஜேர்மனியச் சமூகவியலாளர் மக்ஸ் வெபர் 1904-05இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில் வாதிட்டார். நாளடைவில் பக்தி போய், ஓயாத உழைப்பு மட்டும் மிஞ்சியது என்பதே அவரது கவலை.

இதைவிட மோசமான மறுபக்கமும் உண்டு. எதைச் செய்தாலும் கடவுளுக்கென்று மனமாரச் செய்யுங்கள் என்ற பவுலின் அறிவுரை கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. பல அலுவலகச் சுவர்களில் தொங்கும் அந்த வசனம் அடிமைகளை நோக்கி எழுதப்பட்டது. அமெரிக்கத் தோட்ட முதலாளிகள் இத்தகைய பகுதிகளை அடிமைகளுக்குப் பிரசங்கிக்க வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் கட்டாய ஊழியம் வாங்கிய ஒல்லாந்தரும் வேதாகமம் வாசித்த கிறிஸ்தவர்கள்தான். அவர்கள் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய பகுதியும் இருந்தது. அதே பவுலின் கடிதத்தில் அடுத்து எஜமான்களுக்கு ஒரு கட்டளை இருக்கிறது: நீதியும் நேர்மையுமானதைக் கொடுங்கள், உங்களுக்கும் மேலே ஒரு எஜமான் உண்டு. அந்தப் பாதியைச் சுவரில் தொங்கவிட்ட முதலாளியை நாம் இன்னும் காணவில்லை.

கூலி

ஆகவே வேலையின் ஆன்மீகம் பேசுபவர்கள் கூலியையும் பேசியாக வேண்டும். வேதாகமம் அதை மறைக்கவில்லை. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்பது லேவியராகமச் சட்டம். உபாகமம் 24ஆம் அதிகாரம் அதை அந்நியனுக்கும் விரிக்கிறது. பிடித்துவைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் கடிதம் எச்சரிக்கிறது.

1891 மே 15ஆம் தேதி திருத்தந்தை 13ஆம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல் இதை நவீனத் தொழிலுலகுக்குக் கொண்டுவந்தது. இருவரும் சம்மதித்துவிட்டார்கள் என்பதற்காகக் கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைக்கப் போதுமானதாக அது இருக்க வேண்டும் என்றது. 1981இல் 2ஆம் யோவான் பவுல் 'லபோரெம் எக்செர்சென்ஸ்' என்ற சுற்றுமடலை எழுதினார். நாசி ஆக்கிரமிப்புக் காலத்தில் போலந்தில் கல்லுடைக்கும் இடத்திலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்த அனுபவம் அவருக்கு இருந்தது. வேலையின் மதிப்பு என்ன வேலை என்பதிலிருந்து அல்ல, செய்வது ஒரு மனிதர் என்பதிலிருந்து வருகிறது என்பதே அவரது மையக் கருத்து. வேறு நாட்டில் வேலை தேடி வந்தவரின் நிலையைப் பயன்படுத்திச் சுரண்டக்கூடாது என்று அதன் 23ஆம் பகுதி தனியாகவே சொல்கிறது.

இங்கே கணக்காளராகிய நாமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் லூக்கா பச்சியோலி, ஒரு பிரான்சிஸ்கன் துறவி. 1494இல் வெனிசில் வெளிவந்த அவரது நூல், கணக்கேட்டைக் கடவுளின் பெயரால் சிலுவை அடையாளமிட்டுத் தொடங்கச் சொல்கிறது. எம் ஊர்க் கடைக்காரர் கொப்பியின் தலையில் பிள்ளையார் சுழி போடுவதைப் போல. உள்ளே எழுதுவது பொய்யாக இருக்கக்கூடாது என்பதற்கான சாட்சி அது.

பல ஆண்டுகளுக்கு முன் எம்மவர் ஒருவரின் கடைக்கு நாம் கணக்கு எழுதினோம். பணப்பெட்டிக்கு மேலே இயேசுவின் படம். தினமும் செபித்துவிட்டுத்தான் கடை திறப்பார். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்த ஒரு பொடியன் அங்கே வேலை செய்தான். சம்பளத் துண்டில் இருந்த மணித்தியாலங்களுக்கும் அவன் நின்ற மணித்தியாலங்களுக்கும் சம்பந்தமில்லை. கேட்டபோது, "அவன் ஒத்துக்கொண்டுதானே வந்தவன்" என்றார் முதலாளி. தந்த எண்களையே நாம் பதிந்தோம். பற்றும் வரவும் சரியாகச் சமப்பட்டன. அடுத்த ஆண்டு அந்தக் கணக்கை நாம் எடுக்கவில்லை. அதனால் அந்தப் பொடியனுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. வேலையும் ஆன்மீகமும் பற்றி எம்மிடம் யாராவது கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பேரேட்டுப் பக்கம்தான். அதை எழுதியது எம் கை.

பதினோராம் மணி

வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை வைத்து வேலையில்லாதவரைக் குத்திக் காட்டுபவர்கள் உண்டு. அங்கே சொல்லப்படுவது மனமில்லாதவர். முடியாதவரும் அனுமதிக்கப்படாதவரும் அல்ல. பல நாடுகளில் அகதி விண்ணப்பதாரர் வேலை செய்ய அனுமதி கிடைக்கும்வரை மாதக்கணக்கில் சும்மா இருக்க வைக்கப்படுகிறார். அது சோம்பல் அல்ல.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமை இவர்களைப் பற்றியதுதான். திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலை தொடங்கி ஐந்து முறை சந்தைக்குப் போய் ஆள் பிடிக்கிறார். கடைசியாகப் பதினோராம் மணி, அதாவது மாலை ஐந்து மணியளவில். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். மாலையில் எல்லோருக்கும் ஒரே கூலி, ஒரு தெனாரியம், அன்றைய ஒரு நாள் கூலி. மணிக்கணக்குப் போட்டால் கடைசியாக வந்தவருக்குப் பன்னிரண்டு மடங்கு. கணக்காளருக்கு இது ஒத்துவராத கணக்கு. ஆனால் ஒரு மணித்தியாலம் வேலை கிடைத்தவரின் வீட்டிலும் பிள்ளைகள் முழுச் சாப்பாடுதான் சாப்பிட வேண்டும். முதுமையால், நோயால், போரில் பட்ட காயத்தால் உழைக்க முடியாமற்போனவர்களின் மதிப்பு குறைவதில்லை என்று திருச்சபை சொல்வதற்கும் அடிப்படை இதுவே.

ஏழாம் நாள்

கடைசியாக ஓய்வு. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமத்தில் அதற்குக் காரணம், கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது. உபாகமத்தில் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள். மகனும் மகளும் வேலைக்காரரும் மாடும் ஊரில் தங்கியிருக்கும் அந்நியனும் ஓய வேண்டும் என்று பட்டியலே தருகிறது. நிறுத்த முடியாத வேலை பார்வோனின் வேலை என்பது இதன் பொருள்.

எம்மவர் பலர் இரண்டு வேலை, மூன்று வேலை செய்தார்கள். ஏஜென்சிக் கடன், தங்கச்சியின் கலியாணம், ஊரில் இடிந்த வீடு என்று காரணங்கள் உண்மையானவை. அவர்களைக் குறை சொல்ல எமக்கு வாயில்லை. ஆனால் கடன் முடிந்து, வீடு வாங்கி, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போன பின்னும் நிறுத்தத் தெரியாமல் ஓடுபவர்கள் இருக்கிறார்கள். வரிப் படிவ மாதங்களில் எத்தனையோ ஞாயிறுகளை மேசையிலேயே கழித்த நாமும் அவர்களில் ஒருவர்தான். எகிப்தை விட்டு வந்தவர் மேற்பார்வையாளரைத் தம்மோடு கூட்டிவந்துவிட்டால், கடல் கடந்து என்ன பயன்?

ஆக, கிறிஸ்தவம் ஒரு வேலையைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் இவை: இது யாருக்குப் பயன்படுகிறது? செய்பவருக்கு உரியது கொடுக்கப்படுகிறதா? நிறுத்த முடிகிறதா? சம்பளத்தின் அளவும் பதவியின் பெயரும் இந்தக் கேள்விகளில் இல்லை.

வணிகமாணிப் பட்டத்தோடு வந்து முதலில் நாமும் கோப்பைதான் கழுவினோம். அம்மாவுக்குப் போட்ட கடிதங்களில் 'ஒரு கொம்பனியில் வேலை' என்று எழுதினோம். அவர் இறக்கும்வரை அதைத் திருத்தவில்லை. இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் அப்படி எழுதியவர்கள் பலர் இருப்பீர்கள். வெட்கப்பட வேண்டியது கழுவிய கோப்பைக்கா, எழுதிய பொய்க்கா என்று இப்போது கேட்டால் விடை எமக்குத் தெரியும். அம்மாவுக்குச் சொல்லத் தவறியதைப் பிள்ளைகளுக்காவது சொல்லிவிடுவோம்: எந்தக் குசினி, எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளம் என்று உள்ளபடியே.